கணக்கில் வராத மார்க்கு

தமிழிலும் இங்கிலீஷிலும் எடுக்கும் மார்க்கு கல்லூரி வாசலில் என்ன ஆகிறது?

மே மாதம். பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்துவிட்டது.

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்திலும் அன்று அதே பேச்சு. தக்கலை, குலசேகரம் பக்கம் போகிற பஸ்களிலும் அதே பேச்சு.

"மக்களே, தமிழிலே எவ்வளவு?" என்று தாய் கேட்பார்.

"அத ஏம்மா கேக்க? அது கட்-ஆப்ல வராதுல்லா!" என்று மகன் சொல்லுவான்.

தாய் பேசாமல் இருந்துவிடுவார். பக்கத்தில் இருக்கும் பாட்டா சும்மா இருக்கமாட்டார். "எங்க காலத்துல இங்கிலீஷ்ல தோத்துப் போய் வயலுக்குப் போனவன் எத்தன பேரு தெரியுமா டே?" என்பார்.

குமரி மாவட்டத்தில் ஒவ்வொரு ஆண்டும் கேட்கிற பேச்சு இது. மகன் சொல்வது உண்மையா? பாட்டா சொல்வது உண்மையா?

இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் போனால், நல்ல பிள்ளைகள்கூட பிறகு வருத்தப்பட நேரும்.

கட்-ஆப் கணக்கு

என்ஜினீயரிங் படிப்புக்கு அரசு கலந்தாய்வு நடக்கிறது. அதற்கு 200 மார்க்குக்கு ஒரு கணக்குப் போடுகிறார்கள்.

கணிதத்துக்கு 100. இயற்பியல் மார்க்கில் பாதி, அதாவது 50. வேதியியல் மார்க்கில் பாதி, அதாவது 50. ஆக 200. இதுதான் கட்-ஆப்.

இதில் தமிழ் இல்லை. இங்கிலீஷும் இல்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். தோவாளையில் ஒரு மாணவி, தக்கலையில் ஒரு மாணவன் என்று வைத்துக்கொள்வோம்.

மாணவி தமிழில் 98, இங்கிலீஷில் 97, கணிதத்தில் 94, இயற்பியலில் 96, வேதியியலில் 95, கம்ப்யூட்டர் பாடத்தில் 95 வாங்கினாள். மொத்தம் 600-க்கு 575.

மாணவன் தமிழில் 61, இங்கிலீஷில் 58, கணிதத்தில் 96, மற்ற மூன்றிலும் 95 வாங்கினான். மொத்தம் 500.

மொத்த மார்க்கில் மாணவி 75 மார்க்கு முன்னால் நிற்கிறாள். ஊரில் அவளுக்குத்தான் பாராட்டு. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத்தான் பரிசு.

கட்-ஆப் போட்டுப் பாருங்கள். மாணவிக்கு 94, 48, 47½, ஆக 189½. மாணவனுக்கு 96, 47½, 47½, ஆக 191.

மாணவன் ஒன்றரை மார்க்கு முன்னால் போய்விட்டான்! இந்த ஒன்றரை மார்க்கு இடைவெளிக்குள் தமிழ்நாடு முழுவதிலும் இருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நிற்பார்கள். விரும்பிய கல்லூரி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அதில்தான் இருக்கிறது.

மாணவி எழுதிய கட்டுரைக்கு அந்த வாசலில் ஒரு மார்க்கும் இல்லை.

ஏன் இப்படி?

"இது அநியாயம்" என்று தமிழாசிரியர்கள் வருத்தப்படுவார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும்.

கணக்கு விடை சரி அல்லது தவறு. சென்னையில் திருத்தினாலும் குழித்துறையில் திருத்தினாலும் மார்க்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

கட்டுரை அப்படி அல்ல. ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் 7 போடுவார், இன்னொருவர் 5 போடுவார். இருவரும் நேர்மையானவர்களே. அரை மார்க்கில் இடம் தப்புகிற பந்தயத்தில் அந்த 2 மார்க்கு யாருடைய தலையிலாவது விழும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதை நம் மாவட்டத்துக்காரர்கள் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள்.

பிளஸ்-2 படிப்பில் முதல் மொழியாக எல்லோரும் தமிழ் எடுப்பதில்லை. விளவங்கோடு பக்கம் மலையாளம் எடுத்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டணங்களில் பிரெஞ்சு எடுக்கிறார்கள். சமஸ்கிருதம், அரபி எடுக்கிறவர்களும் உண்டு.

தமிழில் ஒருவர் வாங்கிய 90-ம், பிரெஞ்சில் ஒருவர் வாங்கிய 99-ம் ஒன்றா? எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? அதனால்தான் மொழி மார்க்கைக் கட்-ஆப்பில் சேர்ப்பது இல்லை.

அன்று முதல் இன்று வரை

1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ்-2 வந்தது. அதற்கு முன்பு பி.யு.சி. என்ற ஓராண்டுப் படிப்பு கல்லூரியில் இருந்தது. பாட்டா சொல்வது அந்தக் காலத்துக் கதை.

1984-ல் டாக்டர், என்ஜினீயர் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ்-2 மார்க்கு 200, நுழைவுத் தேர்வு 100, ஆக 300 என்று கணக்குப் போட்டார்கள். நுழைவுத் தேர்வில் சரியான விடையைக் குறித்தால் போதும். ஒரு வாக்கியம்கூட எழுதவேண்டியது இல்லை.

தனிப்பயிற்சிக்குப் போக முடிந்த பட்டணத்துப் பிள்ளைகளுக்கே இது உதவுகிறது என்று புகார் எழுந்தது. டாக்டர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 2006-ல் சட்டம் வந்தது. 2007-ல் இருந்து நுழைவுத் தேர்வு இல்லை.

டாக்டர் படிப்புக்கு 2017-ல் இருந்து 'நீட்' தேர்வு மார்க்கே கணக்கு. 180 கேள்வி, 720 மார்க்கு. தமிழிலும் எழுதலாம். ஆனால் 'எழுதலாம்' என்பது பெயருக்குத்தான். விடையின் வட்டத்தை மையால் நிரப்பவேண்டும், அவ்வளவுதான்.

2022-ல் மத்திய பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பொது நுழைவுத் தேர்வு வந்தது. அதில் மொழிக்கென்று தனிப் பகுதி உண்டு. அதிலும் கட்டுரை கிடையாது. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கவேண்டும்.

ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பிடிக்கும் பிள்ளையும், கோணத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் பிடிக்கும் பிள்ளையும், தன் எழுத்துத் திறமையைக் காட்டாமலே உள்ளே போய்விடலாம்.

அமெரிக்கா செய்து பார்த்தது

எழுத்துக்கு மார்க்குக் கொடுத்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. அது அமெரிக்கா.

அங்கே கல்லூரியில் சேர எஸ்.ஏ.டி. என்ற பரீட்சை இருக்கிறது. 2005-ம் ஆண்டு மார்ச் மாதம் அதில் எழுத்துப் பகுதி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதற்கு 800 மார்க்கு. மொத்த மார்க்கு 1,600-ல் இருந்து 2,400 ஆயிற்று.

அதில் 25 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள். ஒவ்வொருவரும் 1 முதல் 6 வரை போடலாம்.

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற புகழ்பெற்ற கல்லூரியில் லெஸ் பெரல்மன் என்ற பேராசிரியர் இருந்தார். எழுத்துப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. மார்க்குப் போடப்பட்ட மாதிரிக் கட்டுரைகளை எடுத்து அவர் வரிசையாகப் பார்த்தார்.

அவர் கண்டது என்ன? நீளமான கட்டுரைக்கு அதிக மார்க்கு. குட்டையான கட்டுரைக்குக் குறைந்த மார்க்கு! விவரம் தப்பாக இருந்தாலும் மார்க்குக் குறைவது இல்லை.

விஷயம் வெளியே வந்ததும் அமெரிக்காவில் பெரிய பேச்சாயிற்று.

கல்லூரிகள் என்ன செய்தன? பல கல்லூரிகள் அந்த மார்க்கை வாங்கி ஒரு பக்கம் வைத்துக்கொண்டன. மற்ற இரண்டு பகுதிகளின் மார்க்கைத்தான் பார்த்தன.

இதில் ஒரு வேடிக்கை. பரீட்சை நடத்தும் வாரியமே 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முதல் ஆண்டுப் படிப்பில் ஒரு மாணவர் எப்படித் தேறுவார் என்பதை மூன்று பகுதிகளில் எது நன்றாக முன்கூட்டிக் காட்டுகிறது என்று பார்த்தார்கள். எழுத்துப் பகுதிதான் என்று தெரிந்தது!

ஆக, எழுத்து வராத பிள்ளை உள்ளே போய்த் திணறுகிறது என்பதும் உண்மை. அந்த எழுத்தை 25 நிமிடக் கட்டுரையால் சரியாக அளக்க முடியவில்லை என்பதும் உண்மை.

2016-ல் கட்டுரையை விரும்பியவர் எழுதலாம் என்று மாற்றினார்கள். மொத்தம் மறுபடியும் 1,600 ஆயிற்று. 2018-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் "கட்டுரை மார்க்கு எங்களுக்கு வேண்டாம்" என்று அறிவித்தது. வேறு பல கல்லூரிகளும் அப்படியே சொல்லின. 2021-ம் ஆண்டு ஜூன் மாதத்தோடு பொதுப் பரீட்சையில் கட்டுரை நிறுத்தப்பட்டது.

16 ஆண்டுச் சோதனை அதோடு முடிந்தது.

இப்போது அங்கே மாணவர்கள் வீட்டில் இருந்து எழுதி விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையைக் கல்லூரிகள் படிக்கின்றன. பணக்காரப் பிள்ளைக்குக் கட்டுரை எழுத உதவ ஆள் கிடைக்கும். இப்போது கம்ப்யூட்டரே கட்டுரை எழுதிக் கொடுக்கிறது. எது பிள்ளையின் எழுத்து, எது இரவல் எழுத்து என்று கண்டுபிடிப்பது அங்கேயும் தலைவலிதான்.

சீனாவில் வேறு மாதிரி. அங்கே கல்லூரிப் பரீட்சைக்கு மொத்தம் 750 மார்க்கு. சீன மொழித் தாளுக்கு 150. அதில் கட்டுரைக்கு மட்டும் 60. பிரான்சு நாட்டில் பள்ளி இறுதிப் பரீட்சையில் தத்துவப் பாடத்துக்கு 4 மணி நேரம் உட்கார்ந்து எழுதவேண்டும். ஆகவே எழுத்தை எண்ணும் நாடுகளும் இருக்கின்றன. எண்ணாமல் விட்ட நாடுகளும் இருக்கின்றன.

எங்கே எண்ணப்படும்?

நம் ஊருக்கு வருவோம். தமிழ் மார்க்கும் இங்கிலீஷ் மார்க்கும் ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்தால் அது தவறு. அவை எண்ணப்படும் இடங்கள் உண்டு.

முதலாவது, தேர்ச்சி. தமிழில் 35 வாங்காவிட்டால் கட்-ஆப் 198 இருந்தாலும் பயன் இல்லை. 'நீட்' எழுதி டாக்டர் படிப்புக்குப் போகிறவரும் பிளஸ்-2 பரீட்சையில் இங்கிலீஷில் தேறியிருக்கவேண்டும்.

இரண்டாவது, சமநிலை. என்ஜினீயரிங் கலந்தாய்வில் இருவருக்குக் கட்-ஆப் ஒன்றாக இருந்தால், முதலில் கணிதம் முதலிய பாட மார்க்கைப் பார்க்கிறார்கள். அதுவும் சமமாக இருந்தால் பிளஸ்-2 மொத்த மார்க்கைப் பார்க்கிறார்கள். மொத்தத்தில் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே இருக்கின்றன.

மூன்றாவது, கலைக் கல்லூரி. அரசு கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி., பி.காம். போன்ற படிப்புகளுக்கு மொழி நீங்கலாக நான்கு பாடங்களின் மார்க்கு, அதாவது 400-க்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஆனால் பி.ஏ. தமிழ் படிக்கத் தமிழ் மார்க்குதான் கணக்கு. பி.ஏ. இங்கிலீஷ் படிக்க இங்கிலீஷ் மார்க்குதான் கணக்கு. நம் தோவாளை மாணவி அங்கே பட்டியலின் மேல்வரிசையில் நிற்பாள்.

நான்காவது, மேல்படிப்பு. அகமதாபாத், பெங்களூர் மேலாண்மைக் கழகங்களில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடும்போது, உட்கார வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதச் சொல்கிறார்கள்.

ஐந்தாவது, சர்க்கார் வேலை. ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு மட்டும் 250 மார்க்கு. தமிழ்நாடு அரசுப் பணிக்கு 2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் வந்த அரசாணைப்படி தமிழ்த் தாள் கட்டாயம். அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள்.

'கட்-ஆப்பில் வராது' என்று 17 வயதில் தள்ளிவைத்த தமிழ், 22 வயதில் வழியை மறித்துக்கொண்டு நிற்கும்!

உள்ளே போன பிறகு

வாசலில் எழுத்தைக் கேட்காத கல்லூரி, உள்ளே போனதும் கேட்கும்.

என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்த தமிழ் வழிப் பிள்ளைகளைப் பாருங்கள். பெரும்பாலான பாடங்களை இங்கிலீஷில்தான் எழுதவேண்டும். சிவில், மெக்கானிக்கல் இரண்டு படிப்புகளை மட்டும் 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ் வழியில் கொண்டுவந்தது.

நுழைவதற்குக் கட்-ஆப் மார்க்கு போதும். உள்ளே பக்கம் பக்கமாக எழுதவேண்டும். ஒரு யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று வரிசையாகச் சொல்லவேண்டும். கணக்குத் தெரியும், சொல்லத் தெரியாது. அப்போதுதான் 'அரியர்' என்ற சொல் வீட்டுக்குள் நுழைகிறது.

தகப்பனார் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. அந்தப் பிள்ளை முட்டாள் அல்ல. இரண்டு வருஷமாக எழுதிப் பழகாத பிள்ளை. அவ்வளவுதான்.

நர்சுகளின் அரை மார்க்கு

குமரி மாவட்டத்தில் நர்சு படிப்பு முடித்து வெளிநாடு போகிறவர்கள் பலர். அவர்களைக் கேட்டால் எழுத்தின் அருமை தெரியும்.

இங்கிலாந்தில் நர்சாகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் பரீட்சையை ஏற்கிறார்கள். கேட்டல், படித்தல், பேசுதல், எழுதுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 9-க்கு 7 வாங்கவேண்டும் என்று விதி இருந்தது.

மற்ற மூன்றிலும் 7 வாங்கிவிட்டு எழுத்தில் மட்டும் 6½ வாங்கி நின்றுபோனவர்கள் ஏராளம். அரை மார்க்கு! அதற்காக மறுபடியும் பணம் கட்டினார்கள். மறுபடியும் எழுதினார்கள்.

கடைசியில் இங்கிலாந்து நர்சு கவுன்சிலே இரங்கியது. 2018-ம் ஆண்டு இறுதியில் எழுத்துக்கு மட்டும் 6½ போதும் என்று விதியைத் தளர்த்தியது. மற்ற மூன்றுக்கும் 7 என்பதை மாற்றவில்லை.

நான்கில் எது கடினம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கணக்கும் எழுத்தும்

"கணக்கில் கெட்டிக்காரனுக்கு எழுத்து வராது" என்று சிலர் சொல்வார்கள். நாஞ்சில் நாட்டில் அந்தப் பேச்சு எடுபடாது.

வீரநாராயணமங்கலத்தில் பிறந்த நாஞ்சில் நாடன் எம்.எஸ்சி. கணிதம் படித்தவர். 2010-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார். 2007-ல் அதே பரிசு பெற்ற நீல.பத்மநாபன் ஒரு என்ஜினீயர். கேரள மின்சார வாரியத்தில் வேலை பார்த்தவர்.

நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமியின் கதை இன்னும் வியப்பானது. அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கவில்லை. 18 வயதில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு தமிழின் பெரிய எழுத்தாளர்களுள் ஒருவர் ஆனார்.

ஆகவே 'இனிமேல் வராது' என்று எந்தப் பிள்ளையும் சொல்லவேண்டாம். எழுத்து பழக்கத்தில் வருவது.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம் நம் மாவட்டம்தான். 91.75 சதவீதம். இப்படிப்பட்ட மாவட்டத்தில் பிள்ளைகள் எழுதக் கூச்சப்படலாமா?

பெற்றோர் கவனத்துக்கு

என்ன செய்யலாம்?

பிள்ளையின் மார்க்குப் பட்டியலை வாங்கிப் பார்க்கும்போது கட்-ஆப் பாடங்களை மட்டும் பார்க்காதீர்கள். தமிழும் இங்கிலீஷும் 60-ல் நின்றால் காரணம் கேளுங்கள். திட்டவேண்டாம். கேட்டால் போதும்.

நாள்தோறும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் தமிழ், ஒரு நாள் இங்கிலீஷ். பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவது இதில் சேராது. தோவாளைப் பூச்சந்தையில் பார்த்தது, முட்டத்தில் மீன் ஏலம் போட்டது, வீட்டில் நடந்தது என்று சொந்தமாக எழுதட்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டால் பரவாயில்லை. பிள்ளை எங்கே திக்குகிறதோ, அங்கே வாக்கியம் சரியில்லை.

கணிதப் பாடத்திலும், "இந்தக் கணக்கை எப்படிப் போட்டாய்? நாலு வரியில் எழுதிக் காட்டு" என்று கேட்கலாம். கணக்கும் பதியும். எழுத்தும் வரும்.

தோவாளை மாணவிக்கு ஒரு வார்த்தை. உன் 98-ஐயும் 97-ஐயும் கட்-ஆப் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை. வருத்தம்தான். ஆனால் முதல் செமஸ்டர் விடைத்தாளில் அது உன்னோடு வரும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது வரும். யாரும் பறிக்க முடியாது.

தக்கலை மாணவனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, இடம் கிடைத்துவிட்டது, சந்தோஷம். கல்லூரி திறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. இன்று இரவே ஒரு பக்கம் எழுதத் தொடங்கு. உள்ளே போனால் 191-ஐ யாரும் கேட்கமாட்டார்கள். "எழுது" என்றுதான் சொல்வார்கள்.